சாம்பிள் தீரட்டும், பாட்டில் பிறகு

கேள்வி:

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பவுடரும் தலையில் ஒரு முழம் மல்லிகையும் போதும் என்று இருந்தவள். கல்யாணம் காட்சி என்றால் மட்டும், யாராவது துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சென்ட்டை அடித்துக்கொள்வேன். சூரிச்சில் இருக்கும் என் தங்கை மகள் இந்தத் தடவை வந்தபோது, "கடையில் விற்கிற சென்ட்டெல்லாம் போதும் பெரியம்மா, இதைப் போட்டுப் பாருங்க" என்று சுண்டுவிரல் அளவுக் குப்பிகள் நாலு கொடுத்துவிட்டுப் போனாள். பெரிய கம்பெனி இல்லையாம். தனி ஆட்களே கலந்து, தாங்களே அடைத்து விற்கிறார்களாம்.

ஒன்று அந்த ஊர்க்காரர் செய்தது. பாலைவனக் காற்று என்று அர்த்தம் வரும் பிரெஞ்சுப் பெயர். திறந்தால் அஞ்சறைப்பெட்டி வாசனை. என் வீட்டுக்காரர் "யார் சாம்பிராணி போட்டது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். இரண்டாவதில் எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோ "சூப்பரா இருக்கு ஆன்ட்டி" என்கிறாள். மூன்றாவது நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளியது போல அருமையாக இருந்தது, பத்து நிமிஷத்தில் காணாமல் போய்விட்டது. நாலாவதில் மல்லிகை என்று எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்த மல்லிகை அது இல்லை.

விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கோளாறு என் மூக்கிலா, சென்ட்டிலா? இதையெல்லாம் எப்படிப் போட்டுப் பார்க்க வேண்டும்? கெமிக்கல் என்கிறார்களே, தோலுக்கு ஆகுமா? அவள் அடுத்த முறை வரும்போது ஏதாவது ஒன்றைப் பாட்டிலாக வாங்கிவரச் சொல்லலாமா?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அம்மா, நாலு குப்பியையும் ஒரே மூச்சில் திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. சிக்கலில் பாதி அங்கேதான். மீதிப் பாதியைக் குப்பி குப்பியாகப் பார்ப்போம்.

சூரிச்காரர், பாலைவனம் என்று இரண்டு துப்பு கொடுத்துவிட்டீர்கள். அது ஆண்டி டாவர் செய்த 'லேர் து தெஸேர் மரோக்கேன்' ஆகத்தான் இருக்க வேண்டும். மொராக்கோவின் பாலைவனக் காற்று. டாவர் வேதியியல் படித்தவர். வாசனைக் கலவையை எந்தப் பள்ளியிலும் கற்காமல் தானாகவே பழகிக்கொண்டவர். 2005இல் அவர் வெளியிட்ட இந்த வாசனைக்கு, லூக்கா டூரினும் தானியா சான்செஸும் சேர்ந்து எழுதி 2008இல் வந்த வாசனைத் திரவிய விமர்சன நூல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. தனி ஆள் ஒருவர் பெரிய கம்பெனிகளுக்கு நிகராகச் செய்ய முடியும் என்பதற்கு இன்றைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இதுதான்.

அதில் என்னென்ன இருக்கிறது என்று அவரே சொல்லியிருப்பதைப் பாருங்கள்: கொத்தமல்லி விதை, சீரகம், ஆரஞ்சு மர இலை, லாப்டனம் என்ற பிசின், மல்லிகை, தேவதாரு வகை மரம், வெட்டிவேர், வெனிலா, பச்சோலி. அஞ்சறைப்பெட்டி என்று நீங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு சரி. சாம்பிராணி என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதும் ஏறக்குறைய சரி. லாப்டனம் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதரின் இலையில் சுரக்கும் பிசின். சாம்பிராணியின் குடும்பம் இல்லை, ஆனால் மூக்குக்கு அந்தப் பக்கம்தான் போகும்.

ஐரோப்பாவில் வளர்ந்த ஒருவருக்கு மல்லி விதையும் சீரகமும் தொலைதூர தேசத்து இரவு. நமக்கு அது காலை பத்து மணி, குழம்பு கொதிக்கிற நேரம். ஒரே குப்பி, இரண்டு மூக்குக்கு இரண்டு கதை. இந்த இடைவெளி தெரியாமல்தான் நம் ஊரில் பலர் வெளிநாட்டுத் தனித் தயாரிப்பாளர்களின் வாசனையை முதல் முகர்விலேயே தள்ளிவிடுகிறார்கள். நீங்கள் தள்ள வேண்டாம். மசாலா வாசனை முன்னால் நிற்பது கொஞ்ச நேரம்தான். அது விலகிய பிறகு லாப்டனமும் மரமும் வெட்டிவேரும் வரும். அவர் செய்த வேலை அங்கேதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்.

இவ்வளவு பொறுமை ஏன் வேண்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். கடையில் வாங்குகிற பெரிய பிராண்டு சென்ட் பெரும்பாலும் அந்த பிராண்டுக்காரர்கள் கலந்தது இல்லை. ஜிவோடான், டிஎஸ்எம்-ஃபிர்மெனிஷ், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் என்ற நாலு பெரிய நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கலவை நிபுணர்கள்தான் உலகத்தின் பெரும்பகுதி வாசனையைச் செய்கிறார்கள். "இருபத்தைந்து வயதுப் பெண், கோடைக்காலம், இன்ன விலை" என்று பிராண்டு ஒரு குறிப்பு அனுப்பும். பலர் போட்டி போட்டுக் கலந்து அனுப்புவார்கள். மக்களிடம் முகரக் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். யாருக்கும் பிடிக்காத முனை எதுவானாலும் தேய்த்துவிடுவார்கள். கடையில் நின்றபடி ஐந்து நிமிஷத்தில் முடிவெடுக்கிறவருக்காகவே செய்யப்படுவதால், அந்த முதல் ஐந்து நிமிஷத்தில்தான் பணம் கொட்டப்படுகிறது.

தனி ஆள் செய்கிற வாசனையில் இந்தத் தேய்ப்பு இல்லை. அவருக்குப் பிடித்தது, அவ்வளவுதான். அதனால்தான் அதில் ஆச்சரியமும் உண்டு, அசட்டுத்தனமும் உண்டு. சிறிய தயாரிப்பாளர் என்பதற்காக மன்னித்து முகர வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பிடிக்காதது பிடிக்காததுதான். ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்லும் முன் அது முழுதாகப் பேசி முடிக்கட்டும்.

இன்னொன்று. 'நிஷ்', அதாவது சிலருடைய ரசனைக்கான தனி ரகம், என்று போட்டு விற்பதெல்லாம் தனி ஆள் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1976இல் பாரிஸில் சின்னதாகத் தொடங்கிய லார்டிசான் பர்ஃப்யூமர் 2015இல் ஸ்பெயினின் புய்க் நிறுவனத்திடம் போய்விட்டது. 2006இல் நியூயார்க்கில் தொடங்கிய லெ லாபோ 2014இல் எஸ்டீ லாடர் கைக்குப் போனது. அவை மோசம் என்று சொல்லவில்லை. கையால் எழுதினது போன்ற லேபிளைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்கிறேன்.

சரி, போட்டுப் பார்க்கும் முறை. ஒரு நாளைக்கு ஒரு குப்பி. அவசரமென்றால் கைக்கு ஒன்றாக இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். தமிழ் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. சந்தன சோப்பு, அதன் மேல் பவுடர், தலையில் தேங்காய் எண்ணெய், பூ, முகத்தில் மஞ்சள் என்று ஏற்கனவே நாலைந்து வாசனை நம் மேல் குடியிருக்கிறது. இதற்கு நடுவே போடுகிற ஆறாவது வாசனையைப் பற்றி யாரும் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சோதிக்கிற அன்றைக்கு மட்டும் பூவையும் பவுடரையும் ஒதுக்கிவையுங்கள். சமையல் முடித்து, மாலையில் வாசனை குறைந்த சோப்பில் குளித்து, அதற்குப் பிறகு போடுங்கள்.

மணிக்கட்டில் போடச் சொல்வார்கள். நமக்கு அது சரிவராது. பெருங்காயம், பாத்திரம் கழுவும் பவுடர், தண்ணீர் என்று நாள் முழுக்கப் படுகிற இடம். முழங்கையின் உள்மடிப்பில் போடுங்கள். போட்டதும் முகராதீர்கள். முதலில் வருவது ஆல்கஹாலின் நெடி. அது பறக்க ஒரு நிமிஷமாவது ஆகும். தேய்க்கவும் வேண்டாம். தேய்த்தால் வாசனையின் மூலக்கூறு உடைந்துவிடும் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான். ஆனால் சூடேறி, முதலில் எழ வேண்டிய மெல்லிய மணங்கள் சீக்கிரம் பறந்துவிடும்.

நடுவில் மூக்கு களைத்துவிட்டால் காப்பிக்கொட்டையை முகரச் சொல்லி கடைகளில் ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள். 2011இல் அமெரிக்காவில் இதை ஆய்ந்து பார்த்தவர்கள், காப்பிக்கொட்டை வெறும் காற்றைவிட எந்த விதத்திலும் உதவவில்லை என்று கண்டார்கள். வாசலில் போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தால் போதும்.

ஒரு பழைய டயரியை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் என்ன, அரை மணியில் என்ன, மூன்று மணியில் என்ன, படுக்கப் போகும்போது என்ன என்று இரண்டிரண்டு வார்த்தை எழுதிவையுங்கள். தயாரிப்பாளர் தரும் பட்டியலை அதற்குப் பிறகே படியுங்கள். முதலில் படித்தால் நம் மூக்கு அவர் சொன்னதைத் தேட ஆரம்பித்துவிடும், நாமாக எதையும் கண்டுபிடிக்க மாட்டோம். அஞ்சறைப்பெட்டி என்று நீங்கள் பட்டியல் பார்க்காமலேதானே சொன்னீர்கள்? அந்த மூக்கை நம்புங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சூட்டில் எல்லாம் வேகமாக ஆவியாகும், அதனால் சத்தமும் கூடும். சூரிச்சின் குளிரில் மிதமாக இருக்கிற பிசின் வாசனை கும்பகோணத்து மே மாதத்தில் அறையையே அடைத்துக்கொள்ளும். அந்தப் பாலைவனக் குப்பியை இப்போது ஒரு முறையும், பத்திரமாக வைத்திருந்து மார்கழியில் ஒரு முறையும் போட்டுப் பாருங்கள். வெயில் நாளில் அளவைப் பாதியாக்குங்கள். குப்பிகளை ஜன்னலோரத்திலும் குளியலறையிலும் வைக்கக் கூடாது. பீரோவுக்குள், துணிகளுக்கு நடுவே இருட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது குப்பி. உங்களுக்கு வாசனை வரவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வருகிறது. இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. மனிதருக்கு வாசனையை உணரும் ஏற்பிகள் சுமார் 400 வகை இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எல்லாருக்கும் எல்லா ஏற்பியும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. குறிப்பாக, செயற்கைக் கஸ்தூரி வகைகளின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றில் ஏதாவது ஒன்று அறவே தெரியாதவர்கள் ஏராளம். ஐசோ ஈ சூப்பர் என்று ஒரு பொருள் உண்டு, மரத்தூள் போல மெல்லிய வாசனை. அந்த ஒரே பொருளை மட்டும் ஆல்கஹாலில் கரைத்து 'மாலிக்யூல் 01' என்று 2006இல் கேசா ஷோன் விற்கத் தொடங்கினார். ஒருவருக்கு அது மயக்கும் மணம், இன்னொருவருக்கு வெறும் தண்ணீர், வேறொருவருக்கு வந்து வந்து மறையும். உங்கள் குப்பியில் இருப்பதும் இந்த ஜாதியாக இருக்கலாம்.

மற்ற மூன்றும் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, ஆக மூக்கில் பழுதில்லை. திடீரென்று எந்த வாசனையுமே தெரியாமல் போனால்தான் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்தக் குப்பியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கே கொடுத்துவிடுங்கள். தனக்கே தெரியாத வாசனையைப் போடுகிறவர்கள் போதவில்லை என்று மேலும் மேலும் அடித்துக்கொள்வார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பாடு திண்டாட்டம்.

மூன்றாவது, நாரத்தங்காய். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் வகை எண்ணெய்களில் இருப்பவை சின்னச் சின்ன, லேசான மூலக்கூறுகள். அவை பறக்கத்தான் செய்யும். 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா குடும்பம் தொடங்கிய 'கொலோன் தண்ணீர்' வகைக்கே இதுதான் குணம். வந்து, உற்சாகப்படுத்தி, போய்விடும். மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். அதை நாள் முழுக்க நிற்கவில்லை என்று குறை சொல்வது பொருந்தாது. கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், துணியில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

நிஜமாகவே போய்விட்டதா என்பதையும் சோதித்துவிடுங்கள். ஒரே வாசனையை விடாமல் முகர்ந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் உங்கள் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்ததும் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். சாம்பிராணியைக் கண்டுபிடித்த மூக்கு, பொய் சொல்லாது.

இந்த வகையில் மட்டும் ஓர் எச்சரிக்கை. இயற்கைப் பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் கருத்துத் தழும்பு போலத் தங்கிவிடும். பெரிய நிறுவனங்கள் அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. சிறிய தயாரிப்பாளர் எதைப் பயன்படுத்துகிறார் என்று தெரியும்வரை வெயிலில் போகும் நாளில் தோலில் போடாதீர்கள்.

இனி உங்கள் மல்லிகை வழக்கு. எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் அந்தக் குப்பிக்குள் இருப்பது நம் ஊர்ப் பூவாகவே இருக்கலாம். கோயம்புத்தூர், சத்தியமங்கலம், திண்டுக்கல் வட்டாரங்களில் விளையும் குண்டு மல்லியும் ஜாதி மல்லியும் தலைக்கு மட்டும் போவதில்லை. ஒரு பகுதி சாறெடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. மல்லிகை சூட்டைத் தாங்காது, அதனால் ரோஜாவைப் போல நீராவியில் வடிக்க முடியாது. ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானைப் போக்கினால் மெழுகு போல ஒன்று மிஞ்சும். அதற்குத் தொழிலில் காங்க்ரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகைப் பிரித்தால் கிடைப்பது அப்சல்யூட். கெட்டியான, செம்பழுப்பு நிற எண்ணெய். ஏறக்குறைய ஒரு டன் பூவுக்குக் கிடைப்பது ஒன்று, ஒன்றரைக் கிலோ. அது பிரான்சுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய், உலகத்தின் பேர்போன சென்ட்டுகளில் கலக்கிறது. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். அதன் உறவுக்காரப் பூக்கள் பாரிஸ்வரை போவது பலருக்குத் தெரியாது.

ஆனால் அப்சல்யூட் என்பது தலையில் வைத்த பூ ஆகாது. பறித்த பிறகும் மல்லிகை மொட்டு உயிரோடுதான் இருக்கிறது. காலையில் பறித்தது சாயங்காலம் தானாக அவிழ்ந்து மணத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் மல்லிகை என்று நினைப்பது அந்தக் காற்றில் மிதக்கும் மணம். கரைப்பானில் பிழிந்தால் அதன் மேல்தட்டுப் பசுமை கொஞ்சம் போய், கனமான அடிச்சரக்கு முன்னால் வந்துவிடும். அதில் இண்டோல் என்று ஒரு பொருள். தனியாக முகர்ந்தால் அந்துருண்டை போல, இன்னும் கொஞ்சம் அழுக்காகக்கூட இருக்கும். மல்லிகை வாடும்போது பின்னலில் ஒரு நெடி வருமே, அதில் இதற்குப் பெரும் பங்கு. மேற்கத்தியத் தனித் தயாரிப்பாளர்கள் பலருக்கு இந்த இண்டோல் மேல் மோகம். அவர்களுக்கு அது போதையும் மர்மமும். நமக்கு நேற்று வைத்த பூ. இன்னொரு கூட்டத்தார் இண்டோலைச் சுத்தமாக நீக்கிவிட்டு, சோப்பு வாசனையில் ஒரு வெள்ளைப் பூவைச் செய்து மல்லிகை என்பார்கள். உங்கள் குப்பி இதில் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை.

மல்லிகை விஷயத்தில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி சொல்லும் தீர்ப்புக்கு எந்த விமர்சகரின் நட்சத்திரமும் ஈடாகாது என்பது என் கட்சி. தினம் தினம் நிஜப் பூவோடு வாழ்கிறவர் நீங்கள். இது மல்லிகை இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அது தோற்றுப்போன மல்லிகைதான். நல்ல வாசனையாக வேண்டுமானால் இருக்கலாம், அது வேறு கணக்கு.

கெமிக்கல் பற்றி. வெனிலாவின் வாசனைப் பொருளான வெனிலினை 1874இலேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். கூமரின் என்ற இன்னொரு வாசனைப் பொருள் அதற்கும் முன்னால், 1868. அந்தக் கூமரினை வைத்து 1882இல் ஊபிகான் நிறுவனம் 'ஃபூஜேர் ருவாயால்' என்ற வாசனையை வெளியிட்டது. நவீன வாசனைத் திரவியம் என்பதே இயற்கைச் சரக்கும் செயற்கைச் சரக்கும் சேர்ந்த கலைதான். செயற்கையால் சில உயிர்களும் பிழைத்தன. கஸ்தூரிக்காக இமயமலையில் கொல்லப்பட்ட மான்களை நினைத்துப் பாருங்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் மேண்டி ஆஃப்டெல் போல முழுக்க இயற்கைப் பொருளில் மட்டும் கலக்கிற தனித் தயாரிப்பாளர்கள் உண்டு. அழகான வேலை. ஆனால் அது அவர்களுடைய ரசனை சார்ந்த முடிவு. தோலுக்கு அது பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டைத் தோலின் எண்ணெய், மரப்பாசிச் சாறு, ஏன், மல்லிகை அப்சல்யூட்டே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். செயற்கையிலும் பாதகம் உண்டு. லிலியால் என்ற பூவாசனைப் பொருளை 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. ஆகவே எந்தக் குப்பியானாலும் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவந்தால் கழுவிவிட்டு அந்தக் குப்பியை மூடிவிடுங்கள். வேறு குறுக்குவழி இல்லை.

விலைக்கு வருகிறேன். ஒரு டன் பூவுக்கு ஒன்றரைக் கிலோ என்றால் விலை எப்படி இருக்கும் என்று வங்கியில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல், தனி ஆள் வாங்கும் சரக்கு கிராம் கணக்கு, பாட்டில் நூறு கணக்கு. மொத்த விலைச் சலுகை எதுவும் அவருக்குக் கிடைக்காது. ஆகவே கொஞ்சம் கூடுதல் விலை நியாயம். ஆனால் விலை அதிகம் என்பதால் மட்டும் சரக்கு உசத்தி ஆகிவிடாது. அரபு நாட்டு ஊத், அதாவது அகில் வாசனை, என்று விற்பதில் பெரும்பகுதி ஆய்வகத்தில் செய்ததுதான். அகில் மரம் அவ்வளவு கிடைப்பதே இல்லை. அந்த மர இனம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சூரிச்சுக்குப் போக வேண்டாம், உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் இருக்கிறது. செப்புக் கொப்பரையில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியைச் சந்தன எண்ணெய் இருக்கும் கலயத்தில் இறக்கும் முறை அங்கே இன்னமும் நடக்கிறது. சிறு சிறு குடும்பத் தொழில். ரோஜா, தாழம்பூ, வெட்டிவேர், இவற்றோடு சுட்ட மண்ணை வடித்து எடுக்கும் மண் அத்தரும் உண்டு. முதல் மழையின் வாசனை. 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் மழை மணத்துக்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்த கட்டுரையிலேயே இந்த உத்தரப் பிரதேசத்து அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். சென்னையில் திருவல்லிக்கேணி, உங்கள் பக்கத்தில் நாகூர், இரண்டு இடத்திலும் அத்தர்க் கடைகள் உண்டு. ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கும் மேல். அப்படியானால் 10 மில்லிக்குள் இருக்கும் சந்தனமே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். "அசல் சந்தனத்தில் இறக்கியது" என்று இருநூறு ரூபாய்க்கு ஒருவர் கொடுத்தால், அதில் அடிச்சரக்கு சந்தனம் இல்லை. வாசனை பிடித்திருந்தால் வாங்குங்கள், சந்தனம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

நம் நாட்டிலேயே வீட்டில் கலந்து விற்பவர்கள் இப்போது நிறைய வந்துவிட்டார்கள். அவர்களிடம் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அழகுசாதனப் பொருளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய பிராண்டு ஒன்றின் பெயரைச் சொல்லி "அதே வாசனை, பாதி விலை" என்று விற்பவர் தனித் தயாரிப்பாளர் இல்லை, நகலெடுப்பவர். "அலர்ஜியே வராது", "இருபத்துநாலு மணி நேரம் கேரண்டி" என்பவரையும் தாண்டிப் போய்விடலாம். சாம்பிள் தர மறுத்து, நேரே பாட்டில் வாங்கு என்பவரிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

வீட்டு நடைமுறையில் சில: பட்டுப் புடவை மேல் அடிக்காதீர்கள், கறை விழும், ஜரிகையும் கருக்கும். முத்து மாலையை சென்ட் காய்ந்த பிறகே போடுங்கள். ஸ்ப்ரேயில் இருப்பதில் பெரும்பங்கு ஆல்கஹால், நெருப்புப் பிடிக்கும் சரக்கு. அடித்த கையோடு விளக்கேற்றப் போக வேண்டாம்.

கடைசிக் கேள்வி, பாட்டில் வாங்கலாமா. 2 மில்லி ஸ்ப்ரேக் குப்பி ஏறக்குறைய இருபது முறைக்கு வரும். அது காலியாகும்வரை வாங்காதீர்கள். டயரியை எடுத்துப் பாருங்கள். ஒரு குப்பி தானாகத் தீர்ந்து, அடியில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டுக்காகக் கவிழ்த்துத் தட்டியிருந்தீர்கள் என்றால் அதை வாங்குங்கள். பாதியோடு நின்றுபோனதை எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் விடுங்கள். என் கணிப்பில், நாரத்தங்காய்க் குப்பியை வெயில் காலத்துக்கு வாங்குவீர்கள், பாலைவனம் மார்கழியில் உங்களை மாற்றிவிடலாம். மல்லிகைக்கு மட்டும் பணம் செலவழிக்காதீர்கள், அது முழம் கணக்கில் உங்கள் தெருவிலேயே கிடைக்கிறது. தங்கை மகளிடம் 50 மில்லி பாட்டிலாகக் கேளுங்கள், கைப்பையில் கொண்டுவரவே விமானத்தில் அனுமதி உண்டு. கைப்பைக்கான வரம்பு பல விமான நிலையங்களில் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லி.